எங்க குட்டைக்கு நானே எதிர்க்கட்சி

அந்தப் பட்டிமன்றத் தலைப்ப நான்தான் வாயால கேட்டு வாங்குனேன். அத்த மொதல்லயே சொல்லிடறேன். அப்பால யாரும் என்னப் பாத்து ஐயோ பாவம்னு உச்சு கொட்டத் தேவையில்ல.

மேனாம்பேட்டுல எங்க நகர்ல கடைசித் தெரு, கடைசி ஊடு எங்களுது. என் பேரு வேம்புலியம்மாள். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல ஒரு கம்பெனில பேக்கிங் செக்சன் சூப்பர்வைசரா கீறேன். எங்க ஊட்டத் தாண்டுனா குட்டைதான். மழ புடிச்சா எல்லாத் தெருத் தண்ணியும் இறங்கி வந்து, எங்க வாசப்படிய உரசிகினு போய் அந்தக் குட்டைல விழும். குட்டைய மூடிட்டா அந்தத் தண்ணி இன்னா பண்ணும்? நேரா எங்க ஊட்டுக்குள்ள வந்து கால நீட்டிப் படுக்கும். இத்தப் புரிஞ்சிக்க பெரிய படிப்பு வேணுமா?

எங்க நலச்சங்கச் செயலாளர் கங்காதரன் சாருக்கு மட்டும் புரியல. ஆவடி ஃபேக்டரில ஃபோர்மேனா இருந்து ரிட்டையர் ஆனவரு, சேலத்துக்காரரு. குவார்ட்டர்ஸ விட்டு எங்க நகருக்கு வந்து ரெண்டாவது தெருவுல மாடி ஊடு கட்டினாரு. வந்து கொஞ்ச நாள்லயே ஒரே பாட்டு: குட்டைய மூடணும், சமுதாயக் கூடம் கட்டணும், வளர்ச்சி வேணும். நான் விடுவேனா? நிலத்தடி நீர்னேன், சுற்றுச்சூழல்னேன், எதிர்காலச் சந்ததி சபிக்கும்னேன். கூட்டத்துல எழுந்து நான் கத்த, அவரு கத்த, நடுவுல டீ ஆறிப் போவும். ரெண்டு வருஷமா இதே கூத்துதான்.

அப்பால கவுன்சிலர் ஆபீஸ்ல ஒரே போடாப் போட்டாங்க. சங்கத்துலேர்ந்து ஒரே ஒரு மனுதான் வரணும். மூடணுமா, தூர் வாரணுமா, நீங்களே பேசி முடிச்சிகினு வாங்கன்ட்டாங்க. அன்னிக்கு சாயந்தரம் கூட்டத்துல நான் எழுந்தேன். "பொங்கலுக்கு நம்ப நகர்ல பட்டிமன்றம் நடக்கும் இல்ல, இந்த வருஷம் இத்தயே தலைப்பா வைங்க. பேசி முடிச்சதும் சனம் கை தூக்கட்டும். எந்தப் பக்கம் கை ஜாஸ்தியோ அந்த மனு போவட்டும்"னேன்.

"எனக்குச் சம்மதம்"னாரு கங்காதரன் சார், பட்டுனு.

எனக்கு உள்ளுக்குள்ள ஒரே குஷி. மைக்கப் புடிச்சா நான் யாருன்னு எங்க ஏரியாவுக்கே தெரியும். இவர நார் நாரா கிழிச்சிடலாம்னு நெனச்சிகினே ஊட்டுக்கு வந்து சோறு வடிச்சேன். கஞ்சியோட பாதிச் சோறும் சிங்க்ல போச்சி. எங்க ஊட்டுக்காரர் வேலுசாமி அத்தப் பாத்துகினே குந்தி இருந்தாரு.

"இந்தா, யூசுப் பாய் சீட்டுக் குலுக்குவாரே, அது ஞாபகம் கீதா?"ன்னாரு.

பானைய அப்பிடியே சிங்க்ல வெச்சிட்டேன்.

யூசுப் பாய் மெயின் ரோட்டுல பிரியாணிக் கடை வெச்சிருக்காரு. எங்க பட்டிமன்றத்துக்கு எப்பவும் அவருதான் நடுவர். ஒரு வருஷம் மாமியாரா மருமவளான்னு தலைப்பு வெச்சி, அவங்கவங்க இஷ்டத்துக்குப் பக்கம் எடுத்துப் பேசி, ரெண்டு ஊட்டுல அடுப்பே தனியாப் போயிடிச்சி. அதுலேர்ந்து பாய் ஒரு சட்டம் போட்டாரு. யாரு எந்தப் பக்கம் பேசுறதுன்னு சீட்டுதான் சொல்லும். இத்தனை வருஷம் பேசுன எனக்கு இது தெரியாதா? தெரியும். கோவத்துல மறந்துட்டேன். கோவம் வந்தா எனக்கு என் ஊட்டு அட்ரசே மறந்துடும்.

போகி அன்னிக்கு பாய் கடைல காலி பிரியாணி தேக்சாவுல ரெண்டு சீட்டப் போட்டு உருட்டுனாரு. இந்த வருஷம் ஒரு பக்கத்துக்கு ஒரு ஆளுதான். எங்க ரெண்டு பேரு சண்டைல தல குடுக்க மத்தவங்களுக்குப் பயம். நான் கைய உட்டு எடுத்தேன். மூட வேணும்னு இருந்துச்சி. கங்காதரன் சார் எடுத்தாரு. காக்க வேணும்.

பாய் சிரிச்ச சிரிப்புல அவரு தொப்பி கழண்டு தேக்சாவுல விழுந்துடிச்சி. "பாய், இது செல்லாது"ன்னேன். "தலைப்பு நீ கேட்டது, கை தூக்குறது நீ கேட்டது. சீட்டையாவது ஆண்டவன் கைல உடும்மா"ன்னாரு. கங்காதரன் சார் மூஞ்சி பேயறஞ்ச மாதிரி கீது. எனக்கு அழுகையா சிரிப்பான்னே புரியல.

ஊட்டுக்கு வந்து மாடிப்படில குந்திட்டேன். எங்க மாடில வாடகைக்கு கீற சௌம்யா சீட்டு சேதி கேட்டு இறங்கி வந்தா. காலேஜுல இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கறா. ஆவடி குவார்ட்டர்ஸ்ல பொறந்து வளந்தவ, பூர்வீகம் திருநெல்வேலி. ஐரோப்பாவுல நானூறு வருஷத்துக்கு முன்னாடி கட்டுரை எழுதிகினு இருந்த ஒரு பிரெஞ்சுக்காரரப் பத்தி ஆராய்ச்சி பண்றா. அந்த ஆளு பேரு என் வாயில நுழையல. நான் பிரெஞ்சுக்காரர்னே வெச்சிக்கினேன்.

"புலியக்கா, நீங்க அதிர்ஷ்டசாலி"ன்னா.

"போடி இவளே. நான் நல்லாப் பேசுனா என் ஊடு முழுவும். மோசமாப் பேசுனா வேணும்னே தோத்தான்னு அந்தாளு சங்கத்தக் கூட்டி எல்லாத்தையும் மொதல்லேர்ந்து ஆரம்பிப்பாரு. இதுல அதிர்ஷ்டம் எங்க கீது?"

"என் பிரெஞ்சுக்காரரு வேணும்னே எதிர்ப்பக்கம் போயி நின்னு பாப்பாரு அக்கா. எதிராளிக்காக அவனை விட நல்லா வாதாடுவாரு. அப்புறம் தன்னையே சந்தேகப்படுவாரு. இப்ப சுற்றுச்சூழல் சண்டையெல்லாம் எப்படி நடக்குது? ஒருத்தர் அழிவுங்கிறாரு, ஒருத்தர் வளர்ச்சிங்கிறாரு. ரெண்டு பேரும் சொல்றதுல ஒரு மனுஷன் கூட இல்ல. அவரு உலகத்தப் பத்தி எழுத உக்காந்தா தன் வயித்துவலிலேர்ந்துதான் ஆரம்பிப்பாரு. என் ஆராய்ச்சியே அதுதான். நம்ம ஆளுங்க அவருகிட்ட பேசக் கத்துக்கணும்."

"செத்துப்போன வெள்ளக்காரன் வயித்துவலிக்கும் எங்க குட்டைக்கும் இன்னாடி சம்பந்தம்?"

"கங்காதரன் சாருக்கு எங்க வலிக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அத்தக் கேட்டதும் எனக்குச் சுருக்குனு வந்துச்சி. நான் எதுக்குத் தெரிஞ்சிக்கணும்னு வெடுக்குனு சொல்லிட்டு உள்ள போயிட்டேன். ஆனா பால் காய்ச்சும்போதும் அதே கேள்வி, பாத்திரம் தேய்க்கும்போதும் அதே கேள்வி. ரெண்டு வருஷம் ஒரு ஆளோட மல்லுக்கட்டி கீறேன், அந்தாளுக்கு ஏன் அந்தக் குட்டை மேல அவ்ளோ காண்டுன்னு ஒரு நாள் கேக்கல. சமுதாயக் கூடத்துக்கோசரம் ஒரு மனுசன் ரெண்டு வருஷம் கத்துவானா?

மாட்டுப்பொங்கல் அன்னிக்கு காத்தால ஒரு தூக்குல சக்கரப் பொங்கல் எடுத்துகினு அவரு ஊட்டுக்குப் போனேன். கதவத் தொறந்தவரு என்னயும் தூக்கையும் மாத்தி மாத்திப் பாத்தாரு.

"சார், உங்க பக்கம் நான் பேசணும். எப்படிப் பேசறதுன்னு உங்களத்தான் கேக்கணும்."

"நானே உன்கிட்ட வரலாமான்னு யோசிச்சிட்டு இருந்தேம்மா. உன் பக்கத்துக்கு எனக்கு ஒரு வரி ஓடல"ன்னாரு. பேத்தி ரோஷினி வந்து தூக்க வாங்கிகினு ஓடிடிச்சி. மூணாவது படிக்கிற புள்ள. அவங்க அப்பா அம்மா பெங்களூர்ல வேலை, இது தாத்தாகிட்டதான் வளருது.

"வளர்ச்சி, கூடம், அதெல்லாம் எனக்குத் தெரியும் சார். அத்த உட்டுட்டு உங்களுக்கு இன்னா வேணும்னு சொல்லுங்க."

அவரு எனக்கு ஒரு சேர இழுத்துப் போட்டாரு. அப்பால புள்ள உள்ள போயிடிச்சான்னு பாத்துட்டு சொன்னாரு. ரெண்டு மழைக்கு முன்னாடி ரோஷினிக்கு டெங்கு. ரத்தத்துல பிளேட்லெட் இறங்கிகினே போச்சாம். மகன் பெங்களூர்லேர்ந்து வந்து சேர்ற வரைக்கும் இவரு தனியா ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னு இருக்காரு. புள்ள கண்ண மூடிகினு, "தாத்தா, கொசு சத்தம் கேக்குது"ன்னு சொல்லிகினே இருந்துச்சாம். அங்க கொசுவே இல்லையாம்.

"இத்த ஏன் சார் கூட்டத்துல ஒரு நாள் கூட சொல்லல?"

"சொன்னா அழுதுடுவேன்மா. ஃபோர்மேனா இருந்தவன். நாலு பேர் முன்னாடி அழுது பழக்கமில்ல."

இந்த மனுசனப் போயி எருமை, இரும்பு மண்டைன்னு வாட்ஸாப்புல வாய்ஸ் அனுப்பி கீறேனே. "நான் சொல்லட்டா சார்?"னு கேட்டேன். சரின்னாரு.

கெளம்பும்போது அவரு கேட்டாரு. "உனக்கு ஏம்மா? நிலத்தடி நீருன்னு சொல்லாத. உனக்கு."

நானும் யாருகிட்டயும் சொன்னதில்ல. "மழ வந்தா எனக்குத் தூக்கம் வராது சார். எல்லாரும் தூங்குவாங்க. நான் டார்ச்ச வெச்சிகினு வாசப்படில குந்தி இருப்பேன். தண்ணி அடுத்த படிக்கு ஏறுதா, குட்டைக்குப் போவுதான்னு பாத்துகினே. மழைனா சனம் பஜ்ஜி போட்டுத் தின்னும். எனக்கு மழ சத்தம் கேட்டாலே கை சில்லுனு ஆயிடும்"னேன். சொல்லும்போது எனக்கே வெக்கமா இருந்துச்சி. அவரு சட்டைய மாட்டிகினு என் கூடவே வந்து, எங்க படில குந்தி, குட்டைப் பக்கம் பாத்துகினே இருந்தாரு. வேலுசாமி டீ குடுத்தாரு. ரெண்டு வருஷத்துல அன்னிக்குதான் அந்தாளு என் கூட டீ சூடாக் குடிச்சாரு.

காணும் பொங்கல் சாயந்தரம் தெருவ அடச்சி சாமியானா போட்டு, லாரிய நிறுத்தி அதையே மேடையாக்கி இருந்தாங்க. கரும்பு, பலூன், ஸ்பீக்கர் கொய்ங்னு ஒரு சத்தம். சனம்னா அப்பிடி ஒரு சனம். புலி தன் குட்டையத் தானே மூடப் போவுதுன்னு திருமுல்லைவாயில் வரைக்கும் சேதி போயிடிச்சி. எங்க நாத்தனார் குடும்பமே திருவேற்காட்டுலேர்ந்து வேன் புடிச்சி வந்து மொத வரிசைல குந்திகினாங்க. யூசுப் பாய் ஜரிகைச் சால்வை போத்திகினு மைக்கத் தட்டுனாரு.

"இன்னிக்கு ரெண்டு பேரும் வேஷத்த மாத்திகினு வந்திருக்காங்கோ. எனக்கே பயமா கீது. தீர்ப்புல யாரைத் திட்றதுன்னு தெரியாது, அதனால முன்கூட்டியே ரெண்டு பேரையும் திட்டிடறேன்"னாரு. சனம் சிரிச்சி உருண்டுச்சி.

நான் எழுந்தேன். வழக்கமா நடுவர் அவர்களேன்னு நான் அடித்தொண்டைல ஆரம்பிச்சா நாயி ஓடும். அன்னிக்குக் குரல் எழும்பவே இல்ல.

"எனக்கு இந்தக் குட்டை வேணும். அது உங்க எல்லாருக்கும் தெரியும். ஆனா இன்னிக்கு இத்த மூடணும்னு சொல்ல வந்து கீறேன், பொய்யாச் சொல்ல வரல"ன்னேன். அப்பால ரோஷினியப் பத்திச் சொன்னேன். ஆஸ்பத்திரி வராண்டா, இல்லாத கொசுவோட சத்தம், தனியா நின்ன தாத்தா. ஜோடிக்கல, எதுகை மோனை எதுவும் போடல. "என் புள்ளைக்கு அந்த மாதிரி ஆயிருந்தா நானே மம்பட்டிய எடுத்துகினு போய் அந்தக் குட்டைய மூடி இருப்பேன். குட்டைய மூடணும்னு கேக்கறவங்களப் பாத்து நான் பேராசைக்காரங்கன்னு சொன்னேன். அவங்க பயந்து போனவங்க. பயந்த மனுசன்கிட்ட நான் சந்ததி சபிக்கும்னு சாபம் உட்டுகினு இருந்தேன். அவருக்கு இருந்தது ஒரே ஒரு சந்ததி, அது அன்னிக்குக் கட்டில்ல கெடந்துச்சி"ன்னேன்.

யாரும் கை தட்டல. அது எனக்குப் புதுசு. பொம்பளைங்க முந்தானையால கண்ணத் தொடச்சிகினு இருந்தாங்க. போச்சி, ஊடு முழுவிடிச்சின்னு நெனச்சிகினேன். ஆனா சத்தியமாச் சொல்றேன், ஒரு வார்த்தை கூட திருப்பி எடுக்கணும்னு தோணல.

கங்காதரன் சார் எழுந்தாரு. வெள்ளைச் சட்டைய இன் பண்ணி, பேட்ஜ் குத்தி, டூட்டிக்குப் போற மாதிரி வந்து நின்னாரு.

"நான் எந்தப் போட்டியிலயும் தோத்ததில்ல. இதுலயும் தோக்கக்கூடாதுன்னுதான் ரெண்டு நாளா உக்காந்து தயார் பண்ணேன். நடுவர் அவர்களே, மழை பெய்யறப்ப இந்த நகர்ல ஒரு வீட்டுல மட்டும் ஒரு அம்மா தூங்கறதில்ல"ன்னு ஆரம்பிச்சாரு. என் டார்ச்சு, என் படி, சில்லுனு போற என் கை, எல்லாத்தையும் சொன்னாரு. என் கதையை இன்னொருத்தர் வாயால கேக்கறது எப்பிடி இருக்கும்னு எனக்கு அன்னிக்கு வரைக்கும் தெரியாது. வேலுசாமி சனத்துக்கு நடுவுல எழுந்து நின்னு என்னையே பாத்துகினு இருந்தாரு. அந்த மனுசனுக்கே இது தெரியாது. அவரு அப்ப குறட்டை உட்டுகினு இருப்பாரு.

அப்பால அவரு கொஞ்சம் நிறுத்துனாரு. "எதிர்ப்பக்கம் பேசணுமேன்னு டெங்கு கொசுவப் பத்தித் தேடிப் படிச்சேன். அது பெரும்பாலும் குட்டையில முட்டை போடறதில்லையாம். வீட்டுல தேங்குற நல்ல தண்ணிதான் அதுக்குப் பிடிக்குமாம். உடனே மாடிக்கு ஏறிப் பாத்தேன். வீடு கட்டினப்ப மிஞ்சுன பெயிண்ட் வாளி ரெண்டு, மழைத்தண்ணியோட, தண்ணித்தொட்டிக்குப் பின்னாடி இருக்கு. என் பேத்திக்கு வந்தது குட்டையிலேர்ந்தா, வேற எங்கேர்ந்தாவதா, இல்ல என் வாளியிலேர்ந்தான்னு எனக்குத் தெரியல. இனிமே தெரியவும் போறதில்ல. ரெண்டு வருஷமா நிச்சயமாத் தெரிஞ்சவன் மாதிரி கத்திட்டேன்"னாரு. ஃபோர்மேன் அழுதுட்டாரு. மைக்க வெச்சிகினே அழுதாரு. கண்ணாடியக் கழட்டித் தொடச்சிட்டு, "குட்டையத் தூர் வாரி, குப்பை கொட்டாம வெச்சிக்கிட்டா வேம்புலி தூங்குவா. எனக்கு அது தெரியும். என் பேச்சு முடிஞ்சுது"ன்னு உக்காந்தாரு.

அப்ப தட்டுனாங்க பாருங்க கை, லாரி அதிர்ந்துச்சி. பின்னாடி நின்ன சௌம்யா விசிலே அடிச்சிட்டா. காலேஜு டீச்சர் அது. அவ பிரெஞ்சுக்காரரு இருந்திருந்தா அவரும் அடிச்சிருப்பாரு.

யூசுப் பாய் எழுந்தாரு. ஜோக்கு எதுவும் சொல்லல. "பேசுன ரெண்டு பேரும் இப்ப அவங்கவங்க மனசுப்படி கை தூக்கலாம். சீட்டு வேலை முடிஞ்சிது. மூட வேணும்னு சொல்றவங்கோ மொதல்ல தூக்குங்க"ன்னாரு.

ஒரு கை எழும்பல. எனக்கு நெஞ்சு குதிச்சிது. ரெண்டு வருஷச் சண்டை, முடிஞ்சி போச்சி, குட்டை நம்மது, இனிமே மழைல போத்திகினு படுக்கலாம்னு உள்ளுக்குள்ள ஒரே ஆட்டம். சிரிப்ப அடக்கவே முடியல.

அப்பதான் மொத வரிசைல ரோஷினியப் பாத்தேன். அது திரும்பிச் சனத்தப் பாத்துச்சி. இந்தப் பக்கம் பாத்துச்சி, அந்தப் பக்கம் பாத்துச்சி. தாத்தா கையப் பாத்துச்சி, அது மடில கெடந்துச்சி. தன் காய்ச்சலப் பத்தி எல்லாரும் அழுதாங்களே, ஆனா தன் பக்கம் ஒரு கை கூட இல்லையேன்னு அந்த மூஞ்சில எழுதி ஒட்டி இருந்துச்சி. அந்தப் புள்ளைக்கு பெயிண்ட் வாளி, தூர் வாரறது எல்லாம் இன்னா புரியும்? கடைசியா என்னப் பாத்துச்சி.

நான் கையத் தூக்கிட்டேன்.

சாமியானாவே சலசலன்னு ஆயிடிச்சி. நாத்தனார், "ஐயையோ, இவளுக்கு இன்னா ஆச்சி"ன்னு எழுந்துட்டா. வேலுசாமி தலைல கைய வெச்சிகினாரு. பாய் என்னப் பாத்து, "இன்னாமா, சீட்டு வேலை முடிஞ்சிதுன்னு சொன்னேனே"ன்னாரு. "தெரியும் பாய், எண்ணிக்கோங்க"ன்னேன். ரோஷினி எழுந்து நின்னு அதுவும் கையத் தூக்கிச்சி. சின்னப் புள்ள ஓட்டு செல்லாதுன்னு பாய் சொல்லவே இல்ல. ரெண்டுன்னு மைக்ல சத்தமா எண்ணுனாரு.

அப்பால காக்க வேணும்ன்றவங்கள தூக்கச் சொன்னாரு. மொதக் கை கங்காதரன் சாருது, பின்னாடி மொத்த நகரும். பாய் எண்ணவே இல்ல. ரெண்டு வருஷம் தொண்டை கிழியக் கத்துனவ நான், கடைசில குட்டைக்கு எதிரா விழுந்த மொத ஓட்டு என்னுதுதான். ரோஷினி ஓடி வந்து என் மடில ஏறிகினு, "ஆன்ட்டி, நம்ம தோத்துட்டோம்"னு காதுல சொல்லிச்சி. "ஆமாடி கண்ணு, நல்லாத் தோத்துட்டோம்"னு அதக் கட்டிகினு அழுதேன், சிரிச்சேன்.